புதுப்பிப்பு: புதிய சொகுசு செடானா, நான்கு ஆண்டு ஓடியதா?

புதிய மெர்சிடிஸ்-பென்ஸ் ஈ-கிளாஸ் கார் வாங்குவதா, நான்கு ஆண்டு ஓடிய ஒன்றை வாங்குவதா என்று கடலோர ஊரான மண்டபத்திலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய வண்டி என்றே முடிவாகியிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குச் செஸ் என்ற கூடுதல் வரி நீங்கி, ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு மட்டும் என்றானதால் புதிய வண்டியின் விலை இறங்கியது உண்மைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுட்கால வரியே 20 விழுக்காடு. நான்காண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்போ, தேய்மானக் கணக்குப்படி புதிய வண்டியின் விலையில் பாதிதான். அந்த இழப்பை முதல் உரிமையாளர் சுமந்துவிட்ட வண்டியே எனக்குப் போதும்.

எங்கள் கரையில் விலையைவிட உப்புக்காற்றுதான் பெரிய கணக்கு. முதலில் பார்த்த, பாம்பனில் ஓடிய வண்டியை லிஃப்டில் ஏற்றியபோது, மேலே பெயின்ட் பளபளக்க, அடியில் பிரேக் குழாய்களைப் பிடிக்கும் கிளிப்புகளும் பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளும் துருப்பிடித்துச் செதில்செதிலாக உரிந்துகொண்டிருந்தன. அதை விட்டுவிட்டு, மதுரையில் ஒரே உரிமையாளரிடம் இருந்த, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள வண்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். தனியாரிடம் நேரடியாக வாங்குவதால் ஜி.எஸ்.டி. இல்லை. கடன் பதிவை நீக்கும் படிவம் 35, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தான பிறகே மீதித்தொகை.

நீட்டித்த வாரண்டி உள்ள வண்டி என்றால், உரிமை மாறினாலும் அது செல்லுமா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். அடிப்பாகத்தை வாரந்தோறும் நல்ல தண்ணீரில் கழுவ ஏற்பாடு செய்திருக்கிறேன்; தனுஷ்கோடிச் சாலைக்குப் போய்வந்தால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.