முதுகைக் காட்டி உட்கார வைத்தால் தனிமை ஆகிவிடுமா?

வேளிமலைக்காரன்:
நாகர்கோவிலில் போன வாரம் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பாதிச் சுவரில் ஒரே காட்சிதான். ஜன்னல் பக்கம் திரும்பி நமக்கு முதுகைக் காட்டும் பெண், நீலச் சுவர், கீழே 'தனிமை' என்று தலைப்பு. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: மனித உருவம் தனிமையைச் சொல்ல உதவாது. ஆளை வரைந்த உடனே பார்க்கிறவன் முகத்தைத் தேடுவான், கதை கேட்பான். ஆளில்லாத ஒரு திண்ணையை வரைந்தால் போதும்.

பழையாற்றங்கரை:
அண்ணாச்சி, நாலு மோசமான படத்தைப் பார்த்துவிட்டு மொத்த வகையையும் தூக்கிக் கடாசாதீர்கள். முதுகு காட்டும் பெண்ணை டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் (1864–1916) வரைந்திருக்கிறார். பெரும்பாலும் அவர் மனைவி ஈடாதான். சாம்பல் நிற அறை, அதில் அந்த அம்மா ஏதோ வேலையாக நிற்கிறார், அவ்வளவுதான். சோகத்துக்கு 'போஸ்' கொடுக்கவில்லை.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1927இல் வரைந்த 'ஆட்டோமேட்' படத்தைப் பாருங்கள். இரவில் ஒருத்தி காபிக் கோப்பையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருக்கிறாள். பின்னால் கறுத்த கண்ணாடியில் கூரை விளக்குகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன, தெருவே தெரியவில்லை. அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காபிக்கடை விளம்பரம். உங்கள் திண்ணைக்கும் அதே கதிதான்.

வேளிமலைக்காரன்:
நல்ல ஆளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டீர். தன் படங்களில் தனிமை, தனிமை என்று எல்லாரும் ரொம்ப அதிகமாகச் சொல்லுகிறார்கள் என்று ஹாப்பரே சலித்துக்கொண்டவர்தான்.

பழையாற்றங்கரை:
வரைந்தவர் சலித்துக்கொண்டால் படத்தில் இருப்பது இல்லாமல் போய்விடுமா?

தூத்தூர் கடலோரம்:
அமெரிக்காவை விட்டு ஊருக்கு வாங்க அண்ணன்மாரே. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதற்கப்புறம் எத்தனை பேர் வரைந்தார்கள், மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் பெண்ணை! நாங்கள் அப்படி உட்காரவில்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி ஊரே கூட்டமாகப் போய் குழித்துறையில் ரயிலை மறித்தோம். தனியாக இருக்க அப்போது நேரம் ஏது?

அது பிறகுதான் வந்தது. வீட்டுக்காரர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது எங்களுக்குப் பழக்கம். அதனால் ஆள் தொலைந்த வீட்டுப் பெண்ணுக்கும், ஆள் தொழிலுக்குப் போயிருக்கிற வீட்டுப் பெண்ணுக்கும் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும். என் அத்தையைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள், பார்ப்போம்.

வேளிமலைக்காரன்:
தங்கச்சி சொல்வது என் கட்சிக்குத்தான் வலு. முகத்தில் தெரியாததை உருவ ஓவியம் எங்கிருந்து எடுக்கும்?

தக்கலைத் தூரிகை:
நான் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவன், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

முகத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. நம் குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, அந்தச் சமஸ்தானத்தில் பிறந்த ரவி வர்மாவின் பெண்கள்தான் நம் வீட்டுக் காலண்டர் வரை வந்தார்கள். அதனால் உணர்ச்சி என்றால் கண்ணும் புருவமும் என்று பழகிவிட்டோம். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்' அதற்கு நேர் எதிர். மூன்று பேரும் தோளோடு தோள் இருக்கிறார்கள், ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்ப்பதில்லை. அழுகை இல்லை. தாழ்ந்த பார்வையிலும் மடியில் கிடக்கும் கையிலும் எல்லாம் இருக்கிறது. (1937இல் அவர் தெற்கே கன்னியாகுமரி வரை வந்திருக்கிறார், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.)

அப்புறம் எண்ணெய். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. நமக்கோ ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த ஈரத்தில் இன்னும் இழுக்கும், கித்தானில் பூசணம் வேறு பிடிக்கும். எரிச்சல்தான், ஆனால் அந்தத் தாமதம் எனக்கு வேண்டும். நேற்று வரைந்த தோளின் ஓரத்தை இன்று சுவருக்குள் கரைத்துவிடலாம். ஓரம் கரைந்தால் ஆள் அறைக்குச் சொந்தம், கத்தி வெட்டிய மாதிரி நின்றால் அறைக்கு அந்நியம். என் படத்தில் தனிமை அந்த ஓரத்தில்தான். முகத்தில் சோகம் தானாக வந்து உட்கார்ந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவேன்.

வேளிமலைக்காரன்:
ஓரம், கரைசல் எல்லாம் சரி. 'மூன்று பெண்கள்' படத்தில் நான் பார்ப்பது தனிமை இல்லை. வீட்டார் என்ன முடிவு செய்வார்களோ என்று அடங்கி இருப்பது. அது வேற.

தூத்தூர் கடலோரம்:
பொம்பிளைகளுக்கு அது ரொம்ப வேற இல்லை அண்ணே.

தக்கலைத் தூரிகை:
தங்கச்சி, உங்கள் அத்தையை வரைய அனுமதி கிடைக்குமா? கடற்கரையில் வேண்டாம், வீட்டில்.

தூத்தூர் கடலோரம்:
கேட்டுப் பார்க்கிறேன். ஜன்னலோரம் உட்காரச் சொன்னால் திட்டுதான் விழும். மீன் வெட்டும்போது வேண்டுமானால் வந்து வரையுங்கள். படத்துக்குத் 'தனிமை' என்று பெயர் வைக்க மாட்டோம் என்று முதலில் எழுதிக் கொடுங்கள்.