நின்று நின்று நகரும் பூதங்கள்: பழைய சாகசப் படங்களை இன்று பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்):

பள்ளி விடுமுறையில் திருப்பாதிரிப்புலியூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, வாடகை வீடியோ கேசட்டில் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தைப் பார்த்தேன். எலும்புக்கூடுகள் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்த காட்சியைக் கண்டபின் இரண்டு நாள் இரவில் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. 1963இல் வந்த அந்தப் படத்தைப் போன வாரம் என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். வெண்கலப் பூதமான டாலோஸ் கிறீச்சென்ற ஓசையுடன் தலையைத் திருப்பியபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இறக்கை முளைத்த ஹார்ப்பிகள் பறந்து வந்த இடத்தில் இருவரும் சிரித்துவிட்டார்கள். “நெட்டு சுத்துதாப்பா?” என்று கேட்டான் மகன். ஒரே படத்தில், ஒரே கலைஞரின் கையில் உருவானவற்றில் ஒன்று அச்சுறுத்துவதும் மற்றொன்று நகைப்புக்கு இடமாவதும் ஏன்? அடுத்ததாக எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வில்லியனூர் மண்:

ஐயா, உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. நடிகர் ஒருவர் கையை வீசும்போது கேமராவின் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் மூடி) திறந்திருக்கும் அந்தக் கணத்திற்குள்ளேயே கை சிறிது நகர்ந்துவிடுவதால், படச்சட்டத்தில் அது மங்கலாக இழுபட்டுப் பதிகிறது. அந்த மங்கலைத்தான் நம் கண் ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பூதங்களுக்கு உயிர்கொடுத்த ஸ்டாப் மோஷன் முறையில் பொம்மையை இம்மியளவு நகர்த்தி, கையை எடுத்தபிறகே படம் பிடிக்கிறார்கள். எல்லாச் சட்டங்களிலும் அது அசையாமல், கூர்மையாக நிற்பதால் ஓட்டம் விட்டுவிட்டுத் தெரிகிறது. வெண்கலத்துக்கும் எலும்புக்கும் அந்த வெட்டுநடை இயல்பாகப் பொருந்துகிறது. டாலோஸைத் துருப்பிடித்த கதவுபோல அசைய வைத்தது தெரிந்தே செய்த வேலை. படபடக்கும் இறக்கைக்கோ மங்கல் இல்லாமல் முடியாது. 1981இல் ‘டிராகன்ஸ்லேயர்’ படத்திற்காக, ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டாரால் பொம்மையை அசைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

இந்தப் பூதங்களை உருவாக்கிய ரே ஹாரிஹவுசன் (1920–2013) பெரும்பாலும் தனி ஆளாகவே பொம்மைகளை அசைத்தவர். பந்துமூட்டு வைத்த இரும்பு எலும்புகளை அவருடைய தந்தை கடைந்து கொடுத்தார். ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களுடன் மோதும் அந்தச் சண்டைக்கு மட்டும் நான்கரை மாதம் பிடித்தது. சில நாள்களில் 13 சட்டங்களுக்குமேல் முடியவில்லை. நொடிக்கு 24 சட்டம் ஓடும் திரையில் அது அரை நொடிதான்.

அந்த அரை நொடியின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்ற மே மாதம் கம்பியை உள்ளே வைத்துப் பொம்மைக் களிமண்ணில் ஒரு பூதம் செய்து, நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் எட்டு நொடிக்கு 96 படங்களைக் கைப்பேசியில் எடுக்க முனைந்தேன். அறுபதாவது படத்தை நெருங்கும்போது வெயிலில் களிமண் இளகி, பூதம் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. எடுத்த வரைக்கும் ஓட்டிப் பார்த்தபோது, அதன் மார்பில் என் கட்டைவிரல் ரேகை எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. 1933இல் வந்த ‘கிங் காங்’ குரங்கின் ரோமம் காற்றில்லாமலே சிலிர்ப்பதற்கும் அசைத்தவர்களின் விரல்பட்ட தடம்தான் காரணம். எனக்கு அந்தக் குரங்கின்மேல் தனிப் பிரியமே அதனால்தான்.

முத்தியால்பேட்டை வாசகன்:

மேலே அம்மா சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் படங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூதம் வராத காட்சிகளில் கதாநாயகர்கள் மரக்கட்டையாக நிற்கிறார்கள், கதையும் நொண்டுகிறது. 1973இல் வந்த ‘தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்’ படத்தில் மந்திரவாதி ஒருவன் ஆறு கைக் காளி சிலைக்கு உயிர்கொடுத்து ஆடவிட்டு, பிறகு ஆறு கையிலும் வாளோடு சண்டைக்கு அனுப்புகிறான். ஆறு கைகளும் ஒன்றோடொன்று சிக்காமல் தனித்தனியாக வீசும் அழகை நான் மறுக்கவில்லை. எனினும் நாம் கும்பிடும் தெய்வம் மந்திரவாதியின் ஏவலாளாக வருவதைக் கண்டதும் என் தாயார் ஒன்றும் பேசாமல் எழுந்து, விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார். அப்போது மணி நாலரைதான்.

பிள்ளைகளுக்கு 1958இல் வந்த ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்’ படத்தைக் காட்டுங்கள். ஆட்டுக்கால் கொண்ட ஒற்றைக்கண் அரக்கன் குகையிலிருந்து வெளியே வரும் காட்சி ஒன்றே போதும். அதிலும் எலும்புக்கூட்டுடன் ஒரு வாட்சண்டை உண்டு. பெர்னார்ட் ஹெர்மன் அதற்குச் சைலபோனை வைத்து எலும்பு கலகலப்பதுபோலவே இசையமைத்திருக்கிறார். இந்தச் சண்டைகளைப் படம்பிடிக்கையில் நடிகருக்கு எதிரில் எவரும் இல்லை. ஒத்திகையில் ஓர் ஆளோடு பழகிவிட்டு, பிறகு வெறும் காற்றில் வாளை வீசி, எதிரி வாளில் பட்டதுபோல் பாதியிலேயே நிறுத்த வேண்டும். மரக்கட்டை என்று சொன்னேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் சொல்லமாட்டேன்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சின்பாத்தைப் பார்த்தோம். ஒற்றைக்கண் அரக்கன் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வாட்சண்டையை மட்டும் மகன் நான்கு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, வாளும் வாளும் உண்மையில் தொடாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அக்காவுக்குக் காட்டினான். இப்போது இருவரும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு களிமண்ணில் ஒற்றைக்கண்ணன் ஒருவனைச் செய்துவருகிறார்கள். வில்லியனூர் அம்மா, உங்கள் பூதத்தின் முழங்கால் பிறகு என்ன ஆயிற்று? இங்கும் நேற்றே தொய்யத் தொடங்கிவிட்டது.

வில்லியனூர் மண்:

களிமண்ணைக் குறைத்து, கம்பியை இரட்டையாக முறுக்கிக் காலுக்குள் விடுங்கள். பாதத்திலிருந்து கம்பியைக் கீழே நீட்டித் தெர்மாகோல் பலகையில் குத்திவிட்டால் நிற்கும். சன்னலைச் சாத்திவிட்டு இரவில் ஒரே விளக்கொளியில் எடுங்கள்; பகலில் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கைப்பேசி ஆடாமல் அடியில் கனமாக எதையாவது வைத்துக் கட்டிவிடுங்கள். நான் அம்மிக்குழவியை வைத்தேன்.