ஹிட், ஸ்ட்ரைக், பீட்: மூன்றுக்கும் 'அடி'தானா?

அச்சுப்பிழை:
மொழிபெயர்ப்பு செய்பவர்களுக்கு ஒரு கேள்வி. அகராதியைத் திறந்தால் ஹிட், ஸ்ட்ரைக், பீட் மூன்றுக்கும் 'அடி' என்றே போட்டிருக்கிறது. ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் இன்னொன்றை எழுதினாலோ ஆங்கிலம் தெரிந்தவர் முகம் சுளிக்கிறார். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அடிக்கிற சொல்லான ஸ்ட்ரைக் எப்படி வேலைநிறுத்தம் ஆயிற்று? பட்டியலிலிருந்து பெயரை நீக்கவும் அதே சொல் ஏன்?

நுனிநாக்கு:
பட்டதா, எத்தனை தரம் பட்டது என்று முதலில் பாருங்கள். ஹிட் என்றால் பட்டது, அவ்வளவுதான். கோபம் வேண்டாம், கையே வேண்டாம். தலை நிலைப்படியில் இடித்தாலும் ஹிட். பீட் என்றால் விடாமல் திரும்பத் திரும்ப. அதனால்தான் மேளமும் இதயத் துடிப்பும் பீட். முட்டையை அடித்து ஊற்றுவதும் பீட்தான். இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒன்று. ஸ்ட்ரைக் பெரும்பாலும் ஒரே வீச்சு, கொஞ்சம் எழுத்து நடை: மின்னல், பாம்பு, கடிகார மணி.

ஒரே கதவை வைத்துப் பாருங்கள். விரல் நுனியால் தட்டினால் டேப். விரலை மடக்கிக் கணுவால் இரண்டு மூன்று தட்டு தட்டினால் நாக். சத்தம் தெருவுக்கே கேட்டால் பேங். முஷ்டியால் விடாமல் குத்தினால் பவுண்ட். பொது நடையில் 'நாக்' என்ற சொல்லுக்குப் பிறகு 'ஆன்' அல்லது 'அட்' வரவேண்டும். நம் ஆட்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமான தப்பு: எதிரணியை 'வின்' பண்ண முடியாது. வின் பண்ணுவது ஆட்டத்தை, பீட் பண்ணுவது அணியை. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படாமல் ஒட்டிப் போனால் ஆடுபவர் 'பீட்டன்'. எதுவும் எதிலும் படவே இல்லை, சொல் மட்டும் அடிவாங்கிய சொல்! இறந்தகாலத்திலும் கவனம்: ஹிட்டுக்கு மாற்றமே கிடையாது, 'ஹிட்டட்' என்று ஒன்று இல்லை.

பழைய ஏடு:
ஸ்ட்ரைக் பற்றி. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு அடி என்ற பொருளே இல்லை. தடவு, தேய், நகர் என்பதுதான் பொருள். அடி பிற்பாடு வந்தது. ஸ்ட்ரோக் அதன் உடன்பிறப்பு. அதனால்தான் பூனையை வருடினாலும் ஸ்ட்ரோக், வாதம் விழுந்தாலும் ஸ்ட்ரோக். வாதத்தைக் கடவுள் கை கொடுத்த அடி என்று நினைத்திருந்தார்கள்.

'தேய்' என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் பல முடிச்சு அவிழும். பெயரை நீக்குவது பேனாவால் ஒரு இழுப்பு இழுத்து அடிப்பது. படியில் குவிந்த தானியத்தைக் குச்சியால் வழித்துச் சமன் செய்வதற்கும் ஸ்ட்ரைக் என்றே பெயர். நாம் தலைதட்டி அளப்பது என்கிறோமே, அதுதான். தீக்குச்சியை நாம் உரசுகிறோம், அவர்கள் ஸ்ட்ரைக் பண்ணுகிறார்கள். அங்கே 'தீக்குச்சியை அடித்தான்' என்று எழுதிவிடாதீர்கள். நாணயத்துக்கு மட்டும் 'அடித்தார்கள்' என்று தாராளமாக எழுதலாம்.

வேலைநிறுத்தம் கப்பலிலிருந்து வந்தது. பாயை இறக்குவதும் ஸ்ட்ரைக். 1768-இல் லண்டன் மாலுமிகள் கூலிக்காகப் பாய்களை இறக்கிக் கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். யாரையும் அடித்ததால் வந்த சொல் இல்லை.

வாய்தா:
சட்ட ஆவணம் பெயர்ப்பவர்களுக்கு ஒன்று. 'அசால்ட்' என்று கண்டதும் 'அடித்தார்' என்று போடாதீர்கள். பழைய இ.பி.கோ. 351, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 130. இரண்டிலும் கை மேலே படவேண்டிய அவசியமே இல்லை. அடிக்கப் போகிறார் என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி கையை ஓங்கினாலே போதும். பட்டு வலித்தால் அது 'ஹர்ட்', வேறு பிரிவு. வெளிநாட்டு ஆவணங்களில் அசால்ட்டோடு 'பேட்டரி' சேர்ந்து வரும். மேலே பட்டது அந்தப் பேட்டரி. டார்ச் லைட் பேட்டரிக்கும் அதே வேர்தான், 'அடி' என்று பொருள்படும் லத்தீன் சொல். இட்லி மாவைக் குறிக்கும் பேட்டர்கூட அந்தக் குடும்பம்.

அச்சுப்பிழை:
மூவருக்கும் நன்றி. பாயை இறக்கியது என்பதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக ஒன்று: 'குட்டு'க்கு ஆங்கிலத்தில் என்ன? மோதிரக் கையால் குட்டுப்படுவது வருகிறது.

நுனிநாக்கு:
சரிக்குச் சரியான ஒற்றைச்சொல் புழக்கத்தில் இல்லை. பஞ்ச் முஷ்டிக்குத்து, ஸ்லாப் உள்ளங்கை அறை, கஃப் தலையில் திறந்த கையால் ஒரு தட்டு. கணுவால் அடிப்பதற்குக் கிட்டே வருவது 'ராப்'. 'தலையில், விரல் கணுவால்' என்று சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

'ராப் ஆன் த நக்கிள்ஸ்' என்ற மரபுத்தொடரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் அடிப்பது கணு இல்லை, அடிவாங்குவது கணு. பிரம்போ அடிக்குச்சியோ விரல்மேல் விழுகிறது. கண்டிப்பு என்று பொருள். உங்கள் பழமொழியில் அதைப் போட்டால் மோதிரம் அடிவாங்குகிறவர் கைக்குப் போய்விடும்.