20 த்ரெட்களில் ஒன்றை மட்டும் நிறுத்துவது எப்படி? (ஜாவா 21)

கேள்வி:
ஒவ்வொரு கருவிக்கும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) என 20 ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சாக்கெட்டிலிருந்து (நெட்வொர்க் இணைப்பு) படித்துப் பொதுவான மேப்பில் எழுதுகிறது. ஒரு கருவியை நீக்கினால் அதன் த்ரெட் மட்டும் நிற்க வேண்டும். ஸ்டாப் அழைத்தால் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வருகிறது. இன்டரப்ட் கொடுத்தால் சில உடனே நிற்கின்றன, சில அசையவே இல்லை. ஏன்?

பதில் 1:
ஸ்டாப் மெத்தட் ஜாவா 1.2-லேயே கைவிடப்பட்டது. 20-ஆம் பதிப்பிலிருந்து எக்செப்ஷன் மட்டும்தான் எறியும். அதற்கு முன் அது த்ரெட்டை எந்த வரியில் இருந்தாலும் வெட்டியது, பிடித்திருந்த லாக்குகளும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் தரவைத் தொடவிடும் பூட்டுகள்) அவிழ்ந்துவிட்டன. பாதி எழுதிய தரவை அடுத்த த்ரெட் சரியானதென்று நம்பிப் படித்தது.

இன்டரப்ட் ஒரு கொடியை ஏற்றுகிறது, அவ்வளவுதான். ஸ்லீப், வெயிட், பிளாக்கிங் கியூவின் டேக் போன்ற காத்திருக்கும் மெத்தட்கள் எல்லாம் அதைக் கவனிக்கும். சாதாரண த்ரெட்டில் சாக்கெட் ரீட் கவனிக்காது. உங்கள் அசையாத த்ரெட்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான விர்ச்சுவல் த்ரெட்டாக இருந்தால் இன்டரப்ட்டே சாக்கெட்டை மூடிவிடும்.)

முதலில் அந்தக் கருவிக்கான வோலட்டைல் பூலியனை (ஒரு த்ரெட் மாற்றியதை மற்றவையும் காணும் ஆம்/இல்லை மாறி) மாற்றுங்கள். பிறகு இன்டரப்ட், பிறகு சாக்கெட்டை மூடுங்கள். ரீட் சாக்கெட் எக்செப்ஷனோடு வெளியே வரும். கடைசியில் ஜாயின் (த்ரெட் முடியும்வரை காத்திருத்தல்), 5000 மில்லிசெகண்ட் வரம்போடு. பூலியனை மாற்றாமல் மூடினால், எக்செப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் பகுதி நெட்வொர்க் அறுந்ததாக எண்ணி மறுபடி இணைக்கும்.

பதில் 2:
மறுஇணைப்பு இருந்தால் இன்னொரு ஓட்டையும் உண்டு. நீங்கள் பழைய சாக்கெட்டை மூடும் நேரத்தில் த்ரெட் புதியதைத் திறந்துகொண்டிருக்கலாம். புதிய சாக்கெட்டைப் பொது ஃபீல்டில் வைத்த பின் பூலியனை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஃபீல்டும் வோலட்டைலாக இருக்கட்டும்.

இன்டரப்டட் எக்செப்ஷனைப் பிடித்து கேட்ச்சைக் காலியாக விடவே கூடாது. எக்செப்ஷன் வரும்போதே கொடி இறங்கிவிடுகிறது, மேலே உள்ள லூப்புக்குச் செய்தி போகாது. அங்கே நடப்பு த்ரெட்டுக்கு இன்டரப்ட் திரும்பக் கொடுங்கள், அல்லது லூப்பை விட்டு வெளியேறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சாக்கெட்டை மூடியதும் எல்லாம் நிற்கின்றன, நன்றி. இதையே த்ரெட் பூலுக்கு (வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட் தொகுப்பு) மாற்றினால், ஒப்படைத்த வேலையைக் குறிக்கும் ஃபியூச்சரின் கேன்சல் போதுமா?

பதில் 2:
போதாது. கேன்சலுக்கு ட்ரூ கொடுத்தாலும் உள்ளே போவது அதே இன்டரப்ட்தான். சாக்கெட்டை நீங்களே மூட வேண்டும். அதோடு, கேன்சலுக்குப் பின் முடிவைக் கேட்கும் கெட் அழைத்தால் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் உடனே கேன்சலேஷன் எக்செப்ஷன் வரும். அதை நம்பி மேப்பைத் துடைத்தால், இன்னும் ஓடும் அந்த த்ரெட் மறுபடி எழுதிவைக்கும். 20 அளவுள்ள பூலில் 21-ஆவது கருவி, ஒன்று நிற்கும்வரை தொடங்காமலே கியூவில் கிடக்கும். இப்படி நாள்முழுக்க ஓடும் வேலைக்குத் தனித்தனி த்ரெட்களே சரி.