ஏடிஎச்டி உள்ள ஏழு வயது மகனுக்கு மருந்தில்லாப் பயிற்சிகள்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஒரு தாய், தஞ்சாவூர்

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் இருப்பதாகக் குழந்தைகள் மனநல மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். தெருநாய்களுக்கெல்லாம் பெயர் வைத்துச் சோறு போடும் இரக்கமுள்ள பிள்ளை அவன்; ஆனால் நான்கு வரி எழுதி முடிப்பதற்குள் பலமுறை எழுந்து ஓடிவிடுகிறான், எடுத்துச் சென்ற பென்சிலை நாள்தோறும் தொலைத்துவிட்டு வருகிறான். மருந்தைப் பற்றி அடுத்த முறை பேசலாம், அதற்குள் நடத்தைப் பயிற்சியைத் தொடங்குங்கள் என்று மருத்துவர் கூறினார். உறவினர்களோ சர்க்கரையை நிறுத்து, வல்லாரை கொடு, அபாகஸில் சேர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தலையில் கருவி பொருத்தி மூளை அலைகளுக்குப் பயிற்சி தருவதாக ஒரு தனியார் மையம் பெருந்தொகை கேட்கிறது. எல்லாவற்றுக்கும் செலவழிக்க எங்களுக்கு வசதியில்லை. எது உண்மையிலேயே பயன்தரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குழந்தை உளவியலாளர், மதுரை

வணக்கம் அம்மா. உங்கள் மருத்துவர் சொன்ன நடத்தைப் பயிற்சியில் முதலில் பயிற்சி பெற வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதையே முதல் சிகிச்சையாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்திருப்பது நல்லது என்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்பது இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தெரியும். செய்ய வேண்டிய அந்த நொடியில் அதை நினைவில் நிறுத்திச் செய்துமுடிப்பதுதான் அவர்களுக்குக் கடினம். ஆகவே உதவியும் அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே கிடைக்க வேண்டும். குளி, சீருடை போடு, பையை எடுத்து வை என்று அடுக்களையிலிருந்து ஒரே மூச்சில் சொன்னால் அவன் காதில் எதுவும் தங்காது. அருகில் சென்று, தோளைத் தொட்டு, முகம் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். செய்தவுடன், "சொன்ன உடனே ஷூவை அதன் இடத்தில் வைத்துவிட்டாயே" என்று செய்த செயலைக் குறிப்பிட்டே பாராட்டுங்கள். முழு ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் சைக்கிள் என்பது அவனுக்கு எட்டாத தொலைவு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நட்சத்திரம், மாலையில் அந்த நட்சத்திரங்களுக்கு ஈடாக அப்பாவோடு அரை மணி நேரக் கேரம் என்பது அவன் கைக்கு எட்டும். ஒருமுறை கொடுத்த நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்கிவிடாதீர்கள். இதுவரை கத்தினால் கிடைத்துக்கொண்டிருந்தது இனிக் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்போது, தொடக்கத்தில் அடம் சற்றுக் கூடவே செய்யும். அந்தக் கட்டத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, தரப்பட்டது சர்க்கரையா இல்லையா என்பதை மறைத்து நடத்திய ஆய்வுகளை 1995இல் தொகுத்துப் பார்த்தபோது, அது குழந்தைகளின் நடத்தையை மாற்றவில்லை என்றே தெரிந்தது. செயற்கை நிறமிகளும் பதப்படுத்தும் பொருளும் கலந்த பானம் சில குழந்தைகளிடம் துடிப்பைச் சிறிதளவு கூட்டுவதாக 2007இல் வெளியான சவுத்தாம்ப்டன் ஆய்வு காட்டியது. நிறமூட்டிய மிட்டாயைக் குறைப்பதில் இழப்பொன்றும் இல்லை. வல்லாரையைத் துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும், சிகிச்சையாக நம்ப வேண்டாம். மூளை அலைப் பயிற்சியில், எந்தக் குழந்தை பயிற்சி பெற்றது என்று அறியாதவர்கள் மதிப்பிடும்போது பலன் பெரிதும் சுருங்கிவிடுகிறது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

பதில் 2: தொடக்கப்பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

சகோதரி, வகுப்பாசிரியரிடம் தினசரி நடத்தை அட்டை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். அதில் இரண்டு மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். "ஒழுங்காக இருந்தான்" என்று எழுதாமல், "கணக்குப் பாடவேளையில் ஐந்து கணக்குகளில் நான்கை முடித்தான்" என்பதுபோல் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் குறியிடுவார், வீட்டில் நீங்கள் அதற்குரிய பரிசைத் தருவீர்கள். சன்னலோரத்தைத் தவிர்த்து, ஆசிரியர் கை எட்டும் முன்வரிசையில் அமைதியான ஒரு பிள்ளையின் அருகில் உட்கார வைப்பதும், கரும்பலகையை அழிக்கவும் நோட்டுகளைக் கொண்டு வரவும் அவனையே அனுப்புவதும் எளிய உதவிகள். ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுதி முடிக்கவில்லை என்பதற்காக விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்கக் கூடாது. ஓடியாட வேண்டிய தேவை மிகுதியாக உள்ள பிள்ளையிடமிருந்தே அதைப் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பதில் 3: ஒரு தந்தை, கோயம்புத்தூர்

தூக்கத்தையும் கவனியுங்கள். இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் திசு வீங்கியிருக்கலாம்; தூக்கம் கெட்டால் பகலில் கவனம் சிதறுவது ஏடிஎச்டியைப் போலவே தோன்றும், ஏற்கெனவே இருப்பதையும் கூட்டும். கண், காது பரிசோதனையும் அவசியம். எங்கள் வீட்டில் பள்ளி விட்டதும் முதலில் மிதிவண்டி, பிறகு சிற்றுண்டி, அதன்பின் மேசையில் ஒரு மணற்கடிகாரம் வைத்துச் சிறுசிறு பகுதிகளாக வீட்டுப்பாடம் என்று வழக்கப்படுத்தினோம். காலம் கடப்பது கண்ணுக்குத் தெரிவது என் மகளுக்கு மிகவும் உதவியது. தாத்தா பாட்டியிடமும் முறையை விளக்கிச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஆளுக்கொரு விதி இருந்தால் எதுவும் நிலைக்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை ஒழுங்காகச் செய்தால் மருந்தே தேவைப்படாது என்று என் கணவர் நம்புகிறார். அது சரியா?

பதில் 4: குழந்தை உளவியலாளர், மதுரை

சில குழந்தைகளுக்கு அது சரியாக இருக்கும், எல்லோருக்கும் இல்லை. 579 குழந்தைகளை 14 மாதங்கள் பின்தொடர்ந்து 1999இல் வெளியான, ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்டிஏ என்னும் ஆய்வில், கவனக்குறைவு, துடிப்பு ஆகிய அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாகக் கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை விஞ்சியது. இரண்டும் பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று. எனவே பயிற்சியை மருந்துக்கு எதிரியாக நிறுத்த வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பயிற்சி நடந்த பிறகும் அவன் படிப்பில் பின்தங்கினால், நண்பர்களை இழந்தால், சாலையில் பாய்ந்தோடி ஆபத்தில் சிக்கினால், மருந்தைத் தள்ளிப்போடுவது அவனுக்கு இழப்பு. செலவைக் குறைக்க, 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அடுத்த சந்திப்புக்குச் செல்லும்போது நட்சத்திர அட்டவணையையும் ஆசிரியரின் நடத்தை அட்டைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவர் அவற்றைப் பார்த்தே உங்களோடு சேர்ந்து முடிவெடுக்கலாம்.