இரவு ராணி வாசத்துக்குப் பாம்பு வருமா? அம்மிச்சி வெட்டச் சொல்றாங்க

தோட்டத்துவீடு_கோபி:
கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடுங்க. படுக்கிற அறை ஜன்னலை ஒட்டி மூன்று வருடம் முன்னால் ஒரு இரவு ராணி வைத்தேன், இப்போது ஓட்டைத் தொடுகிறது. பகலில் பார்த்தால் வெளிறின பச்சையில் குச்சி குச்சியாக ஒன்றுமில்லாத பூ, எட்டு மணிக்கு மேல் களம் வரைக்கும் மணக்கும். அம்மிச்சி வந்த நாளிலிருந்து "இந்த வாசத்துக்கு நாகம் வந்து சுத்திக்கும், வெட்டிப்போடு கண்ணு" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். தாழம்பூவுக்கும் மனோரஞ்சிதத்துக்கும் இதையேதான் சொல்வார்கள். இதில் ஏதாவது உண்டுங்களா? ராத்திரிப் பூக்களுக்கு உங்கள் பக்கம் என்ன பேர், என்ன கதை, அதையும் எழுதுங்கள்.

சத்திப்_பூக்காடு:
வாசத்துக்குப் பாம்பு வராதுங்க. அது நாக்கை நீட்டித் தேடுவது எலியையும் தவளையையும்தான். ஆனால் அம்மிச்சி சொல்வதைத் தள்ளவும் முடியாது, அடர்ந்த புதர் என்றால் அடியில் ஈரமும் நிழலும் இருக்கும், பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், அப்புறம் அதைத் தேடி மற்றது வரும். எங்கள் மல்லிகைக் காட்டில் விடியற்காலை மூணு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்குவோம். நான் பாம்பைப் பார்த்ததெல்லாம் வரப்பில் எலி வளை இருக்கிற பக்கம்தான். வெட்ட வேண்டாம், அடிக்கிளையை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டுச் சருகைக் கூட்டிவிடுங்கள். இன்னொன்று, அதன் வெள்ளைப் பழம் விஷம். குழந்தையும் ஆடும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாம்பை விட எனக்கு அதுதான் பயம்.

அவினாசி_வாத்தியார்:
இரவு ராணி மேற்கிந்தியத் தீவுப் பக்கத்துச் செடி. தாழையோ சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அதனால் பாம்புக் கதை தாழம்புதரிலிருந்து இதற்கு இடம் மாறியிருக்கும் என்பது என் எண்ணம். பேரும் அப்படித்தான், இந்தியில் 'ராத் கி ராணி' என்பதை நாம் தமிழாக்கிக்கொண்டோம். சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது, வடக்கே அதற்கு ரஜனிகந்தா, இரவில் மணப்பது என்று அர்த்தம். அந்திமந்தாரைக்குப் பொழுதே பேராகிவிட்டது, இங்கிலீஷ்காரனுக்கும் அது நாலு மணிப் பூதான். ராத்திரிப் பூ பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதும் மணப்பதும் இருட்டில் அந்துப்பூச்சியைக் கூப்பிடத்தான்.

பவளமல்லி_வாசல்:
பவளமல்லியை யாரும் சொல்லவில்லையே! சூரியன் மேல் ஆசைப்பட்ட ஒரு ராஜகுமாரியை அவன் கைவிட்டுவிட, அவள் தீயில் விழுந்தாள், அந்தச் சாம்பலில் முளைத்த மரம் இது, அதனால்தான் அவன் முகத்தில் விழிக்காமல் பொழுது கிளம்பும் முன்னே பூவை உதிர்த்துவிடுகிறது என்பார்கள். தாவரவியல் பேரிலேயே 'சோக மரம்' என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆத்தா முந்தின ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிடும். விடிந்து பார்த்தால் வெள்ளை இதழெல்லாம் கவிழ்ந்து ஆரஞ்சுக் காம்பு மேலே நிற்க, அந்த வேட்டியே நிறம் மாறிக் கிடக்கும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள், இதற்கு மட்டும் விலக்கு.

தோட்டத்துவீடு_கோபி:
எல்லோருக்கும் நன்றிங்க. இன்று காலை அடிக்கிளையைக் கழித்தேன், தவளை ரெண்டு குதித்து ஓடியது. அம்மிச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ராஜகுமாரி கதையைச் சொன்னதும் "அந்த மரம் ஒண்ணு வாசலுக்கு வை" என்கிறார்கள். தட்டையாக இதய வடிவில் காய்க்குமே, அதில் நாலு விதை கிடைக்குங்களா?