தனி தொடங்கியதும் எழாமல் இருந்த ஒரு வாரம்

மார்கழி சீசன் என்றால் கூட்டம், டிக்கெட், கேன்டீன் கீரை வடை என்று சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது. எனக்கு இந்த முறை கிடைத்தது வேறு ஒன்று, தனி ஆவர்த்தனம்: பாட்டு நின்று, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி. சுருக்கமாகத் தனி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டுச் சென்னை வந்தேன். மயிலாப்பூரில் சித்தி வீடு. விடிவதற்கு முன்பே கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் பஜனை கேட்கும். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தடுப்பு வைத்திருந்ததால் எங்கே போவதானாலும் நடைதான். அதுவும் நல்லதாகவே இருந்தது.

முதல் நாள் மதியக் கச்சேரி. பகல் வேளைக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், பாடுகிறவர்களும் இளையவர்கள். பிரதான உருப்படி முடிந்து, பாடகி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தாண்டிய ஒரு மாமா. "உக்காரும்மா, காபி எங்கேயும் ஓடிடாது" என்றார். மரியாதைக்காக உட்கார்ந்தேன்.

"தாளம் போடத் தெரியுமா?" என்று கேட்டார். ஆதி தாளம் மட்டும் தெரியும் என்றேன். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பள்ளிக்கூட நாட்களில் கற்றது. "அது போதும். அவர் கையைப் பார்க்காதே, உன் கையைப் பார். பாட்டு முதல் தட்டுலயே ஆரம்பிக்கலை, கொஞ்சம் தள்ளித்தான் எடுத்தா, கவனிச்சியா? இந்த மிருதங்கக்காரர் எங்கெங்கேயோ போய்ட்டு கடைசியில அந்த இடத்துக்குத்தான் வந்து சேரணும்." அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு நாலு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் நாலு சுற்றுக்கு மேல் என் கை நிற்கவில்லை. மிருதங்கம் கணக்கை மாற்றியதும் விரலும் அதன் பின்னாலேயே போய்விட்டது. ஆனால் அதுவரை எனக்கு வெறும் வேகமாக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு ஒரு வீடு இருக்கிறது, அது திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அப்புறம் அந்த வாரம் முழுக்க நான் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தனிக்காகவே காத்திருந்தேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி. தி.நகரில் ஒன்று, ஆழ்வார்பேட்டையில் ஒன்று, மாலையில் டிக்கெட் வாங்கி ஒன்று. சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தால், தொடங்குவதற்கு முன் நடப்பதையும் பார்க்கலாம். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கமான தொப்பியில் அப்புவார். கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டித் தட்டி வலது பக்கமான வலந்தலையைத் தம்புராவின் சுருதியோடு சேர்ப்பார். கூடவே கடம் இருந்தால் தனியில் இன்னும் சுகம். முதலில் மிருதங்கம் தனியாக, பின் கடம், பின் இருவரும் மாறி மாறி. எட்டு ஆவர்த்தனமாக இருந்தது நாலாகி, இரண்டாகி, ஒன்றாகி, பாதியாகி, கடைசியில் ஒருவர் கேட்கிற கேள்விக்கு மற்றவர் பதில் சொல்வது போலக் குறைந்துகொண்டே வரும். குறைப்பு என்ற பெயரே எவ்வளவு பொருத்தம்! பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்று தனியை முடித்து வைக்கும் கணக்குகள். கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்கும்போது பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்குகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அந்த மூன்றாவது முறையில் அரங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய அரங்கில், பெயர் வேண்டாம், ஒலிபெருக்கியை அவ்வளவு கூட்டி வைத்திருந்தார்கள். தொப்பியின் கும்காரம், அந்த ஆழ்ந்த கும்மென்ற ஒலி, ஒரே இரைச்சலாகிவிட்டது. மதியத்தில் பாதி நிரம்பிய சின்ன மண்டபத்தில் கேட்டதில் பாதி நயம்கூட அங்கே இல்லை. நல்ல வாசிப்பு அப்படி வீணாவது வருத்தமாக இருந்தது.

நாலாம் நாள் பாரிமுனைக்குப் பஸ் பிடித்து ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இடம் அது. அன்று நாகசுரம். தவில் தனியைக் கிட்டத்தில் இருந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு கை விரல்களில் உறை போன்ற கூடு, மறு கையில் கழி. ஊர்க் கோயில் திருவிழாவில் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அதே சத்தம்தான். ஆனால் இந்த முறை மடியில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன். இத்தனை வருஷம் சாமி புறப்பாட்டின் பின்னால் நடந்தபோது இவ்வளவு கணக்கா ஓடிக்கொண்டிருந்தது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. என் அப்பா தவில் கேட்டால் நின்றுவிடுவார். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒரு நவீன நாடகம். 1896இல் கட்டிய அரங்கம். இருக்கைகள் படிப்படியாகக் கீழே இறங்கி மேடையை அரைவட்டமாகச் சூழ்ந்திருக்கும். நாடகம் சுமார், அரங்கம் அருமை.

வெள்ளிக்கிழமை இரவுதான் கூத்து. நகரின் தென்கோடியில் ஒரு திறந்தவெளி, நிகழ்த்தியது கர்ண மோட்சம். வடமாவட்டங்களில் சாவு வீட்டுக் கருமாதிச் சடங்கை ஒட்டி இரவு முழுக்க ஆடும் கூத்து அது. இங்கே மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் கர்ண வேஷக்காரர் பாடுகிறார். நமக்குத் தெரிவது கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும்தான். மிருதங்கம் ஏறிக்கொண்டே போகிறது. முகவீணை என்கிற சின்னக் குழல் கூடவே அழுகிறது. திரை விலகியதும் தோளில் புஜகீர்த்தி அணியோடு அவர் சுழன்று சுற்றிய கிறுக்கியில் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன. போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன் என்று அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். அந்த இடத்தில் மிருதங்கம் மெல்ல ஒற்றைத் தட்டாகிவிட்டது. இரண்டு தட்டுக்கு நடுவில் இருந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

முடிந்ததும் வாத்தியக்காரர்கள் பக்கம் போனேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படிண்ணே தெரியும் என்று மிருதங்கக்காரரிடம் கேட்டேன். "அவரு காலைத்தாம்மா பார்ப்பேன். கால் நின்னா கை நின்னுரும்" என்றார்.

ஞாயிறு மதியம், இரவு ரயிலுக்கு முன்னால், முதல் நாள் போன அதே சபாவுக்குப் போனேன். அதே வரிசையில் அந்த மாமா இருந்தார். வாசித்த பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். தனி தொடங்கியது, வழக்கம்போலச் சிலர் எழுந்து போனார்கள். நான் கூத்து மிருதங்கக்காரர் சொன்னதைச் சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. தன் கையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

கோர்வை ஒரு முறை. இரண்டு. மூன்றாவது முறை என் தட்டு விழுந்தது, அரை மாத்திரை தள்ளி, பாடகர் பல்லவியை எடுத்தார். மாமா என் முழங்கையில் லேசாகத் தட்டினார். மங்களம் முடியும்வரை இருந்துவிட்டு அப்புறம்தான் இருவரும் காபிக்குப் போனோம்.